உள்ளே இருப்பதும் வெளியே இருப்பதும்

திங்கட்கிழமை காலை மகளுக்குப் பின்னல் போட்டு முடித்த அம்சவள்ளி, "எழுந்திரு கண்ணு, சாக்ஸ் எங்க வெச்ச?" என்று கேட்டாள். முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்த இலக்கியா அசையவில்லை. அம்சவள்ளி மறுபடியும் கூப்பிட்டாள். கையைத் தட்டினாள். பக்கத்தில் கிடந்த எவர்சில்வர் தட்டை எடுத்துத் தரையில் போட்டாள். தட்டு உருண்டு, சுழன்று, சத்தத்தோடு அடங்கியது. பெண் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இலக்கியா பிறக்கும்போதே காது கேட்காத பிள்ளை. மூன்று வயதில் சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் அறுவை செய்து, வலது காதுக்கு மேலே தோலுக்கு அடியில் ஒரு கருவியை வைத்தார்கள். அதிலிருந்து போகும் மெல்லிய கம்பி காதின் உள்நரம்பு வரை நீள்கிறது. வெளியே காதின் பின்புறம் மாட்டிக்கொள்ள ஒரு மிஷின் உண்டு. மிஷினிலிருந்து ஒரு சின்ன ஒயர் கிளம்பும். ஒயரின் முனையில் காசளவுக்கு ஒரு வில்லை. அந்த வில்லை தோலுக்கு மேலே காந்தத்தால் ஒட்டிக்கொண்டு, வெளியே கேட்பதை உள்ளே இருக்கும் கருவிக்குச் சொல்லும். இப்படித்தான் அவள் பேச்சைக் கற்றுக்கொண்டாள், பள்ளிக்கூடம் போனாள், பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு சண்டையும் போட்டாள்.

அம்சவள்ளி மகளின் முடியை விலக்கிப் பார்த்தாள். மிஷினில் பச்சையாகச் சிமிட்ட வேண்டிய விளக்கு ஆரஞ்சு நிறத்தில் சிமிட்டிக்கொண்டிருந்தது.

அறுவைக்குப் பிறகு பயிற்சி கொடுத்த டீச்சர் அன்றைக்கே சொல்லியிருந்தார். பச்சை என்றால் கவலையில்லை. ஆரஞ்சு என்றால், உள்ளே இருப்பதும் வெளியே இருப்பதும் பேசிக்கொள்ளவில்லை என்று அர்த்தம். இரண்டில் எது பேசாமல் போனது என்பதை விளக்கு சொல்லாது.

மரவள்ளிக் கொல்லையில் நின்றிருந்த கணவன் பகலவனுக்கு போன் போட்டாள். அவன் செருப்பில் ஒட்டிய சேற்றைக்கூடத் தட்டாமல் வண்டியில் வந்து இறங்கினான்.

"பேட்டரி மாத்தினியா?"

"மாத்திட்டேன். எல்லாம் மாத்திப் பாத்துட்டேன். நேத்து அருவிக்கு இட்டுக்கினு போவாதீங்கன்னு சொன்னேனா, இல்லையா?"

முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை. கூடப் படிக்கும் பிள்ளைகள் எல்லாரும் பார்த்துவிட்டார்கள் என்று இலக்கியா நச்சரித்ததால், கச்சிராயபாளையத்திலிருந்து மலை ஏறி, வெள்ளிமலைக்குப் போகிற வழியில் இருக்கும் பெரியார் அருவிக்கு அவளை வண்டியில் கூட்டிப் போயிருந்தான். மழை விட்ட வாரம். அருவியில் நல்ல தண்ணீர்.

"மிஷின கழட்டி டப்பாவுல போட்டு மூடி வெச்சிக்கினுதான் போனேன். ஒரு சொட்டு தண்ணி படல."

"படலன்னா வூட்டுக்கு வந்ததும் ஏன் அரிசிக்குள்ள பொதைச்சி வெச்ச?"

கோபம் வந்தால் அவளுக்கு 'ங்க' போய்விடும். பகலவன் குனிந்து செருப்புச் சேற்றைத் தட்டினான். மலையில் சாரலும் பனியுமாக இருந்தது. டப்பாவைத் திறந்தபோது உள்ளே ஈரப்பிசுக்கு இருந்த மாதிரி அவனுக்குத் தோன்றியது. போன் தண்ணீரில் விழுந்தால் அரிசியில் போடுவார்களே என்று போட்டுவைத்தான். அது இப்போது அவனுக்கு எதிரான சாட்சியாகிவிட்டது.

இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்த இலக்கியா, தன் குரல் தனக்கே கேட்காததால் வீடே அதிரும்படி கேட்டாள்.

"மறுபடியும் தலய அறுப்பாங்களா மா?"

இலக்கியாவுக்கு அறுவை நடந்த அதே வாரத்தில், அந்த வார்டில் இன்னொரு பிள்ளை இருந்தான். முதலில் வைத்த கருவி உள்ளே செத்துப்போய், அதை எடுத்துவிட்டு வேறு வைக்க வந்திருந்தார்கள். மறுபடி மழித்த தலையும் கட்டுமாக அவன் படுத்திருந்ததும், அவன் அம்மா யாரிடமும் பேசாமல் ஜன்னலோரம் நின்றதும் அம்சவள்ளியின் கண்ணைவிட்டுப் போகவில்லை. அந்தக் கதையை வீட்டில் எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறாள். பிள்ளை அதைக் காதில் வாங்கியிருக்கிறாள் என்று இப்போதுதான் தெரிந்தது.

இல்லை இல்லை என்று வேகமாகத் தலையாட்டினாள். அது உண்மையா என்று அவளுக்கே தெரியாது.

கள்ளக்குறிச்சியில் ஷம்ஷாத்தின் காது பரிசோதனை மையம், அவள் அப்பா உமர் பாரூக் நடத்தும் பாத்திரக்கடைக்கு மேல்மாடியில் இருந்தது. காதுப் படிப்பு படித்துவிட்டு ஊருக்கே திரும்பி வந்தவள். இலக்கியாவுக்கு அவளிடம் பயமில்லை. போனதும் நாற்காலியில் ஏறி உட்கார்ந்து, தானே மிஷினைக் கழற்றி நீட்டினாள்.

ஷம்ஷாத் விளக்கைப் பார்த்தாள். வெள்ளைத் துணியை விரித்து அதன்மேல் மிஷினை வைத்து, லென்ஸ் வழியாகப் பார்த்தாள்.

"அரிசில வெச்சீங்களா?"

பகலவன் தலை குனிந்தான். "எப்படி மேடம் தெரிஞ்சிது?"

"மைக் ஓட்டையில மாவு அடைச்சிக்கினு இருக்கு. அரிசி ஈரத்த இழுக்கறது கம்மி, தவுடு விடறது ஜாஸ்தி. இனிமே செய்யாதீங்க. நான் ஒரு டப்பா தரேன், அதுக்குள்ள ஈரத்த இழுக்கற நீலக் குருணை இருக்கும். தெனமும் படுக்கப் போகும்போது அதுல வெச்சா போதும்."

மெல்லிய பிரஷால் தூளைத் தட்டினாள். பேட்டரி தொடும் இடத்தில் வேர்வையின் உப்பு பச்சையாகப் பூத்திருந்ததைத் துடைத்தெடுத்தாள். ஒரு சின்ன இயர்போனை மிஷினில் செருகித் தன் காதில் வைத்து, "பேசுங்க" என்றாள்.

"இன்னா பேசறது?" என்றான் பகலவன்.

"கேட்டுடிச்சி. மிஷின் காது நல்லா இருக்கு. அருவியால இதுக்கு ஒண்ணும் ஆவல." அவள் ஒயரைத் தூக்கிக் காட்டினாள். "மிச்சம் ரெண்டுதான். ஒண்ணு, இந்த ஒயரு. இல்லன்னா, உள்ள இருக்கறது."

அம்சவள்ளி நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எங்கனா வுழுந்தாளா? தலையில அடி கிடி?" என்று கேட்டாள் ஷம்ஷாத்.

"இல்ல மேடம்," என்றாள் அம்சவள்ளி.

"கொஞ்ச நாளா விட்டு விட்டுக் கேக்குதுன்னு சொன்னாளா?"

"ஒண்ணும் சொல்லல. ஆனா க்ளாஸ்ல எப்பப் பாத்தாலும் தலையில கைய வெச்சிக்கினே உக்காந்திருக்கான்னு டீச்சர் சொன்னாங்க. நான்தான் அந்தப் பழக்கத்த வுடுன்னு கையில ஒண்ணு போட்டேன்."

"எப்பலேர்ந்து?"

"தீபாவளிக்கு முன்னாடிலேர்ந்து."

ஷம்ஷாத் இலக்கியாவின் முகத்துக்கு நேராகக் குனிந்து, உதட்டை நிதானமாக அசைத்து, கை எங்கே வைப்பாய் என்று சைகையோடு கேட்டாள். இலக்கியா முதலில் அம்மாவைப் பார்த்தாள். பிறகு வில்லைக்குப் பக்கத்தில், ஒயர் வளையும் இடத்தில் இரண்டு விரலை வைத்து லேசாக மேலே தள்ளிக் காட்டினாள்.

"இப்படி வெச்சா கேக்கும்," என்று சத்தமாகச் சொன்னாள். "நேத்துலேர்ந்து இப்படி வெச்சாலும் கேக்கல."

பள்ளிக்கூடத்தில் அத்தனை நாளும் பிள்ளை ஒயரைப் பிடித்துக்கொண்டு பாடம் கேட்டிருக்கிறாள். சொன்னால் தலையை அறுத்துவிடுவார்கள் என்று வாயைத் திறக்காமலே இருந்திருக்கிறாள்.

"ஒயருதான்னு எனக்குத் தோணுது," என்றாள் ஷம்ஷாத். "ஆனா தோணறத வெச்சி உங்களுக்கு நம்பிக்க குடுக்கமாட்டேன். இதே மாதிரி வேற ஒரு ஒயர் போட்டுப் பாத்தாதான் உறுதியா சொல்லலாம். இந்த மாடல் ஒயரு எங்கிட்ட இல்ல. சென்னையிலேர்ந்து வரணும். வார கடைசி ஆவும்."

"அதுவரைக்கும் எப்படி மேடம் உசுர கையில புடிச்சிக்கினு இருக்கறது?" என்றாள் அம்சவள்ளி. கேட்டுக்கொண்டிருக்கும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

ஷம்ஷாத் தன் நோட்டைப் புரட்டினாள். பிறகு போனை எடுத்தாள். திருநாவலூரில் மணிமொழி என்று ஒருத்தி. அவள் மகள் தனுஷாவுக்கும் இதே கருவி, இதே மாடல். பதினோராம் வகுப்பு படிக்கிறாள்.

"மணிமொழி அக்கா, ஒரு ஒதவி. கொஞ்ச நேரத்துக்குத்தான். ஒயர கழட்டி இவங்க மிஷின்ல மாட்டிப் பாத்துட்டு திருப்பித் தந்துடுவாங்க…" என்று பேசிக்கொண்டிருந்தவள், மறுமுனை சொன்னதைக் கேட்டு வெகுநேரம் 'ம்' கொட்டினாள். போனை வைத்துவிட்டு, "வரச் சொல்றாங்க. ஆனா பயப்படறாங்க. அவங்ககிட்டயும் அந்த ஒரு ஒயருதான் இருக்கு. நாளைக்கு பொண்ணுக்கு பரீட்ச, படிக்க லீவு வுட்டு வீட்டுலதான் இருக்கா. நீங்க அத புரிஞ்சிக்கினு போங்க," என்றாள்.

தியாகதுருகம் தாண்டி, எலவனாசூர்கோட்டை தாண்டி, உளுந்தூர்பேட்டையில் பஸ் மாறினார்கள். இலக்கியா ஜன்னலோரம் உட்கார்ந்து வாயசைத்துத் தனக்குள் ஏதோ சொல்லிக்கொண்டே வந்தாள். பகலவன் ஒருமுறை மட்டும், "சாப்டறியா?" என்று அம்சவள்ளியிடம் கேட்டான். அவள் வேண்டாம் என்று கையைக் காட்டினாள்.

மணிமொழி வீடு, திருநாவலூர் பஸ் நிறுத்தத்திலிருந்து நடக்கிற தூரம்தான். வாசலிலேயே நின்றிருந்தாள். உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்துவிட்டு, எதிரில் உட்கார்ந்தாள். கைகளைப் பிசைந்துகொண்டிருந்தாள்.

"தப்பா நெனச்சிக்காதீங்க," என்றாள். "ஷம்ஷாத் சொன்னா நான் மறுக்கமாட்டேன். ஆனா உங்க மிஷின்ல ஏதாவது கோளாறு இருந்து, அதுல மாட்டி எங்க ஒயரும் போயிடுச்சின்னா? போன தடவ ஒயரு போயி புதுசு வர வரைக்கும் இவ ஸ்கூலுக்கே போகல."

"நீங்க சொல்றது நியாயம்தாங்க," என்றான் பகலவன். "நாங்களா இருந்தாலும் யோசிப்போம்."

எழுந்து போய்விடலாமா என்றுகூட அம்சவள்ளிக்குத் தோன்றியது. மற்றவர் பிள்ளையின் காதைக் கடன் கேட்க வந்த மாதிரி கூச்சமாக இருந்தது.

உள் அறையிலிருந்து தனுஷா வந்தாள். கையில் பாடப் புத்தகம். பெரியவர்கள் பேசியதைக் கேட்டிருக்கிறாள். இலக்கியாவுக்கு எதிரில் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, அவள் காதுக்குப் பின்னால் சிமிட்டும் ஆரஞ்சு விளக்கைப் பார்த்தாள். தன் முடியை ஒதுக்கித் தன் பச்சை விளக்கைக் காட்டினாள். இலக்கியா கையை நீட்டி அதைத் தொட்டாள்.

"மா, ஷம்ஷாத் அக்கா சொன்னாங்க இல்ல, ஒண்ணும் ஆவாது," என்றாள் தனுஷா. "இவளுக்கு உள்ள போயிடுச்சோன்னு எவ்ளோ பயமா இருக்கும் தெரியுமா? எனக்கு தெரியும்."

அம்மா பதில் சொல்வதற்குள் வில்லையைத் தலையிலிருந்து எடுத்துவிட்டாள். எடுத்த கணத்தில் அவளுக்கு எல்லா சத்தமும் நின்றுபோனது முகத்தில் தெரிந்தது. அதற்குப் பிறகு யார் என்ன சொன்னாலும் அவளைத் தடுக்க முடியாது. ஒயரைப் பிடித்து இழுக்காமல், அதன் தலைப்பகுதியை நகத்தால் நெம்பிக் கழற்றினாள். இலக்கியாவின் மிஷினை வாங்கி, பழைய ஒயரை அதே மாதிரி கழற்றி வைத்துவிட்டுத் தன்னுடையதைச் செருகினாள். மிஷினைக் காதில் மாட்டி, வில்லையைத் தோலில் ஒட்டவைத்தாள்.

விளக்கு அணைந்தது. அம்சவள்ளி கணவனின் கையைப் பிடித்தாள்.

பிறகு பச்சையாக ஒரு சிமிட்டல். மறுபடியும் பச்சை.

இலக்கியா மிரண்ட மாதிரி நிமிர்ந்தாள். தெருப்பக்கம் திரும்பினாள்.

"வெங்காய வண்டி வருது," என்றாள்.

அப்போதுதான் மற்றவர்களுக்கும் அது கேட்டது. தெருமுனையில் ஒரு லோடு ஆட்டோ, ஒலிபெருக்கியில் பதிந்து வைத்த குரலில் வெங்காயம் வெங்காயம் என்று கத்திக்கொண்டு வந்தது. அம்சவள்ளி முகத்தை முந்தானையில் புதைத்துக்கொண்டு அழுதாள். பகலவன் எழுந்து வாசலுக்குப் போய், வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றான். மணிமொழியும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எதுவும் கேட்காமல் நடுவில் உட்கார்ந்திருந்த தனுஷா மட்டும் எல்லார் முகத்தையும் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"ஏன் மா அழுவற? கேக்குது மா," என்றாள் இலக்கியா. குரல் இப்போது பழைய அளவுக்கு இறங்கியிருந்தது.

அம்சவள்ளிக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. இந்த ஒயரைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். கொடுத்ததும் பிள்ளை மறுபடியும் ஒன்றும் கேட்காமல் ஆகிவிடுவாள். சொல்ல வேண்டியதை இப்போதே சொல்லிவிட வேண்டும். மகளை இழுத்து மடியில் உட்காரவைத்துக்கொண்டாள்.

"இத பாரு கண்ணு. நல்லா கேட்டுக்கோ. உன் தலைக்குள்ள இருக்கறது நல்லா இருக்கு. அதுக்கு ஒண்ணும் ஆவல. உன் தலய யாரும் தொடமாட்டாங்க. இந்த ஒயரு மட்டும்தான் கெட்டுப்போச்சி. புதுசு வர வரைக்கும் கொஞ்ச நாளைக்கு கேக்காது. பயப்படக் கூடாது. சரியா?"

"ஆபரேஷன் இல்லயா?"

"இல்ல."

"நெஜமா?"

"நெஜமா கண்ணு. அம்மா உன் கையில போட்டேன் இல்ல, அதுவும் தப்பு. உனக்கு எது கேக்கலன்னாலும் எங்கிட்ட சொல்லணும். நான் திட்டமாட்டேன்."

இலக்கியா அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். பிறகு தானே வில்லையை எடுத்து, ஒயரை மிஷினிலிருந்து நெம்பிக் கழற்றி, தனுஷாவிடம் நீட்டினாள். தனுஷா அதைத் தன் மிஷினில் மாட்டி, தலையில் ஒட்டவைத்து, பச்சை விளக்கு எரிவதை அம்மாவிடம் திரும்பிக் காட்டினாள். மணிமொழி நெஞ்சில் கைவைத்துப் பெருமூச்சு விட்டாள். அதன் பிறகுதான் அவளுக்கு வந்தவர்கள் பசியோடு இருப்பது கண்ணில் பட்டது. சோறும் முருங்கைக்காய்க் குழம்பும் போட்டாள். காலையிலிருந்து ஒரு வாய் சோறுகூடச் சாப்பிடாத அம்சவள்ளி, இரண்டாவது முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

திரும்பும்போது பஸ்ஸில், "அருவிக்கு இட்டுக்கினு போனதுக்கு உங்கள ரொம்ப பேசிட்டேங்க," என்றாள்.

"வுடு," என்றான் பகலவன். "எனக்கே அப்படித்தான் தோணிச்சி."

அடுத்து வந்த நாட்களில் வீடு சத்தமில்லாமல்தான் இருந்தது. இலக்கியாவோடு சைகையில் பேசினார்கள், சிலேட்டில் எழுதிக் காட்டினார்கள். ஆனால் அது பயமில்லாத சத்தமின்மை. அம்சவள்ளி துணி துவைத்துக்கொண்டே பாடினாள். மகள் தன்பாட்டுக்கு முற்றத்தில் கோழியைத் துரத்திக்கொண்டிருந்தாள்.

வார இறுதியில் ஒயர் வந்துவிட்டதாக ஷம்ஷாத் கூப்பிட்டாள். புது ஒயரை மாட்டிப் பச்சை விளக்கைப் பார்த்த பிறகு, பழைய ஒயரை பிளேடால் நீளவாக்கில் கீறி, லென்ஸுக்குக் கீழே வைத்து அவர்களைப் பார்க்கச் சொன்னாள். வில்லைக்குப் பக்கத்தில் ஒரே இடத்தில், உள்ளே இருந்த செம்பு இழைகள் எல்லாம் அறுந்து கிடந்தன. மேல்தோல் மட்டும் முழுசாக இருந்தது.

"வெளிய பாத்தா தெரியாது. ஒவ்வொண்ணா அறுந்திருக்கு. கடைசி இழை அருவிக்கு போன அன்னைக்கி அறுந்துது, அவ்ளோதான்."

"எதனால மேடம்?" என்றாள் அம்சவள்ளி.

"எந்த ஒயரும் இத்தன தடவதான் வளையும்னு ஒரு கணக்கு இருக்கு. ஒரே எடத்துல வளைஞ்சா சீக்கிரம் போயிடும்." ஷம்ஷாத் இலக்கியாவின் இறுக்கமான பின்னலைத் தூக்கிப் பார்த்தாள். ஒயர் பின்னலுக்குள் மாட்டி, முறுக்கிக்கொண்டு வெளியே வந்தது. "தெனமும் காலையில யார் ஜடை போடறது?"

பகலவன் மனைவியைப் பார்த்தான். அம்சவள்ளி நாக்கைக் கடித்துக்கொண்டாள். பகலவனுக்கு அடக்க முடியாமல் சிரிப்பு வந்தது. அவன் சிரித்ததும் அவளும் சிரித்துவிட்டாள்.

"ஒயரு எப்படியும் ஒரு நாள் போகப்போறதுதான். ஜடையால கொஞ்சம் சீக்கிரம் போச்சி," என்றாள் ஷம்ஷாத். "பின்னல தளத்திப் போட்டு, ஒயர மேலால விடுங்க. வருஷத்துக்கு ஒரு தடவ புதுசு மாத்திடுங்க. கையில ஒண்ணு எப்பவும் மிச்சம் வெச்சிக்குங்க."

"உள்ள இருக்கறது மேடம்? அது எத்தன வருஷம் வரும்?"

"அது அவ கூடவே வரணும்னு செஞ்சது. உலோகக் கூட்டுக்குள்ள வெச்சி, காத்து கூட போகாத மாதிரி மூடியிருக்காங்க. அதுக்குள்ள பேட்டரி கெடயாது, அசையற சாமான் எதுவும் கெடயாது. எப்பவாவது போகாதுன்னு சத்தியம் பண்ணமாட்டேன், ஆனா ரொம்ப அபூர்வம். உள்ள இருக்கறதுக்கு வேல மட்டும்தான். வெளிய இருக்கறதுக்கு வேலயோட வெயிலு, வேர்வ, தூசி, பள்ளிக்கூடம், ஜடை எல்லாம் இருக்கு. வெளிய இருக்கறது பழசாவும், மாத்திக்கலாம். அதுக்குத்தான அத வெளிய வெச்சாங்க?"

அம்சவள்ளி அதைத் தனக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். வெளிய இருக்கறது மாத்திக்கலாம்.

கச்சிராயபாளையம் பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தது. இலக்கியா வாய் ஓயாமல் பேசிக்கொண்டு வந்தாள். பஸ்ஸின் ஹாரன் மோசம் என்றாள், பின்னால் யாரோ குறட்டை விடுகிறார்கள் என்றாள், தனுஷா அக்கா வீட்டுக்கு எப்போது மறுபடி போகலாம் என்று கேட்டாள். பகலவன் ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லிக்கொண்டு வந்தான். அந்தப் பேச்சுக்கு நடுவிலேயே அம்சவள்ளி அவன் தோளில் சாய்ந்து, வாய் லேசாகத் திறந்திருக்க, ஊர் வரும்வரை அசந்து தூங்கினாள்.